கரிச் சிலுவைகள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். இதைச் சொல்லும்போது என் கழுத்து தானாக நிமிர்ந்துவிடும். பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்தார், அப்பா கவ்வாத்து வெட்டினார். அவர்களுடைய மகள் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து, கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ் வகுப்புக்கு டீச்சராக வந்தாள் என்றால், கழுத்து நிமிராமல் வேறென்ன செய்யும்?

அந்த முதல் வருடம் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்கு முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டும் வேலை. ஊரை ஒட்டிய மேட்டில் முனிசிபல் லயம், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அதில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் எங்களுக்கு. அறையின் ஒரு மூலையைப் பழைய சேலையால் மறைத்து எனக்கென்று ஒதுக்கினார்கள். மறைப்புக்குள் உட்கார ஒரு கதிரை, என் தகரப் பெட்டி, சுவரில் ஓர் ஆணி. போர்டிங்கில் முப்பது பேரோடு படுத்துப் பழகிய எனக்கு அது அரண்மனை.

அண்ணன் மனைவி ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பெண். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் ஞானஸ்நானம் பெற்றவர். எழுத்து தெரியாது. பரமண்டல ஜெபத்தில் பாதி வரை சத்தமாகச் சொல்வார், மீதிக்கு உதடு மட்டும் அசையும். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆனால் படித்தவள் என்பதற்காக ‘நீ’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "தங்கச்சி, சாப்பிட வாங்க" என்பார். நான் அந்த ‘வாங்க’வை உள்ளுக்குள் ரசித்துக்கொண்டு போய் உட்காருவேன்.

மதினிக்கு முன்பு இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. நான் வந்த வருடம் மூன்றாவது தடவை தரித்திருந்தார். நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டு, பாரம் தூக்கக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். எங்கள் லயத்துக்குத் தண்ணீர்ப் பைப்போ மேட்டின் அடியில் இருந்தது. முப்பத்தாறு படி. காலையிலும் சாயங்காலமும் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் திறப்பார்கள். அண்ணன் விடியுமுன்னே வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய்விடுவார்.

"தங்கச்சி, ஒனக்கு இந்த வீட்டுல ஒரே ஒரு வேலதான்" என்றார் அண்ணன். "தண்ணிய மட்டும் நீ பாத்துக்க. அவ படியில எறங்கக் கூடாது."

"சரிண்ணே."

"மறந்துராத."

"நான் மறக்குற ஆளா?"

அதற்கு அடுத்த வாரம் லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு, தொடங்கியது. பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்கார அம்மாவை நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம். டீச்சர்மாருக்கும் படித்த பெண்களுக்கும் அவர் ஒரு ஜெப வட்டம் வைத்திருந்தார். அந்த வருடம் எங்களுக்கு ஆளுக்கோர் அட்டை கொடுத்தார். அதில் நாற்பது கட்டங்கள். தினமும் விடியற்காலையில் ஒரு முழு மணி நேரம் ஆண்டவரோடு தனியே இருக்க வேண்டும். இருந்தால் அன்றைய கட்டத்தில் ஒரு சிலுவை போடலாம். பெரிய வெள்ளிக்கு மறுநாள் எல்லாரும் கூடி அட்டையைக் காட்டி, என்ன கேட்டோம், என்ன பெற்றோம் என்று சொல்ல வேண்டும். ஆத்துமா சும்மா வளராது, மனது வைத்து வளர்க்க வேண்டும் என்பது மிஸ்ஸியம்மாவின் எண்ணம். எனக்கும் அது பிடித்திருந்தது. மனது வைத்துத்தான் நான் எழுத்துப் படித்தேன், கணக்குப் படித்தேன். இதையும் படித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்குப் பெருமை அதிகம் என்பது எனக்கே தெரிந்த விஷயம். அதனால் தாழ்மையைக் கேட்பதென்று தீர்மானித்தேன். வட்டத்தில் இருந்த மற்ற எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகத் தாழ்மை கிடைக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

காலையில் ஜெபம், சாயங்காலம் தண்ணீர் என்று ஏற்பாடு செய்துகொண்டேன். முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு வாளி தூக்கி வருவேன். காலையில் அட்டையில் பேனாவால் அழகாக ஒரு சிலுவை. அட்டையை மூலையில் இருந்த ஆணியில் மாட்டியிருந்தேன்.

பிறகு வெயில் ஏறியது. கண்டி வாவி ஓரம் மண் வெடித்துத் தெரிந்தது. சாயங்காலத் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். காலையில் மட்டும், அதுவும் ஒன்றரை மணி நேரம். நான் முழங்காலில் இருக்கும் அதே நேரம்.

முதல் நாள் பள்ளிக்கூடம் புறப்படும்போது கேட்டேன், "மதினி, தண்ணிக்கு என்ன செஞ்சீங்க?"

"கெடச்சுச்சு தங்கச்சி. முன வீட்டு உம்மா புடிச்சு வச்சிட்டாங்க. நீங்க ஜெபத்தப் பாருங்க."

முனை வீட்டு உம்மா இடியப்பம் அவித்து விற்கும் முஸ்லிம் பெண்மணி. நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் தண்ணீர் பிடித்துக் கொடுப்பார் என்பது நம்பக்கூடியதாக இருந்தது. நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாள் கேட்கவில்லை.

பதினெட்டாம் நாள். கண்ணை மூடி முழங்காலில் இருந்தேன். தலதா மாளிகையிலிருந்து மேளச் சத்தம் வந்து ஓய்ந்திருந்தது. வெளியே படியில் தகரம் மோதும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே உம்மாவின் குரல்:

"இரி புள்ள, இரி. அந்தப் படியிலயே இரி. வாளிய உடு. உடுன்னு செல்றேன்!"

எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் நான் எழும்பவில்லை. ஒரு மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று தோன்றியது. முடித்தேன். ஆமென் சொன்னேன். பேனாவை மையில் தொட்டுப் பதினெட்டாம் கட்டத்தில் சிலுவை போட்டேன். அதற்குப் பிறகுதான் வெளியே வந்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம். விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

மதினி மேலிருந்து ஐந்தாவது படியில் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. ஒரு கை இடுப்பில். பக்கத்தில் அரை வாளி தண்ணீர். ஒன்பது நாளாக அரை வாளி அரை வாளியாக, தினமும் ஐந்தாறு தடவை இறங்கி ஏறி அவர்தான் கொண்டுவந்திருக்கிறார்.

உம்மா என்னைப் பார்த்தார். "வந்தீங்களா? ஜெபம் முடிஞ்சா?"

நான் மதினியின் தோளைப் பிடித்தேன்.

"நாங்களும் அஞ்சு வேள தொழுறம் டீச்சர். ஒரு வேளைக்கும் எங்களுக்கு ஆரும் தண்ணி கொண்டாந்து தந்ததில்ல" என்றார் உம்மா. வாளியை அவரே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்.

அன்று கொஞ்சம் இரத்தம் பட்டது. மருத்துவச்சி வந்து பார்த்து, மூன்று நாள் பாயை விட்டு அசையக் கூடாது, பிள்ளை நிற்குமா நிற்காதா என்று அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்றாள். பத்து மணிக்கு அண்ணன் வந்தார். குடத்தைப் பார்த்தார்.

"தண்ணி யாரு கொண்டாந்தா?"

நான் சொன்னேன்.

அவர் வாசலில் கால் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஒன்னப் படிக்க வைக்கச் சொல்லி அப்பாகிட்ட நின்னவன் நான்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு அன்று நான் போகவில்லை. மதினியின் பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சிருங்க மதினி" என்றேன்.

"என்னத்துக்கு?" அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "நீங்க பிள்ளைக்காகத்தானே காலங்காத்தால முழங்கால் போடுறீங்க? நான் வெறும் தண்ணிதானே தூக்குனேன்."

பதினெட்டு நாள். ஒரு நாள்கூட நான் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்திருக்கவில்லை. எனக்குத் தாழ்மை தா, எனக்குப் பொறுமை தா, என்னைப் பரிசுத்தமாக்கு என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைத் தேற்றுவதற்காக, "வெயில்தான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் விடியலில் வாளியோடு பைப்படிக்கு இறங்கினேன். காலைத் தண்ணீருக்கு நான் ஒரு நாளும் வந்ததில்லை. அங்கே வரிசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெண்கள் முந்திய சாயங்காலமே பைப்படியில் ஆளுக்கொரு கல்லை வரிசையாக வைத்துவிட்டுப் போவார்கள். அது சிவப்புக் கல், இது உடைந்த அம்மித் துண்டு என்று ஒவ்வொன்றும் யாருடையது என எல்லாருக்கும் தெரியும். ஆள் வரத் தாமதமானாலும் கல் இருந்தால் இடம் போகாது. எனக்குக் கல் இல்லை. கடைசியில் நின்றேன்.

"ஆ, டீச்சர் வாளியோட வந்தீக்கி!" என்றார் உம்மா. "இன்னேக்கி மழ நிச்சயம்."

எல்லாரும் சிரித்தார்கள். மழை வரவில்லை. நிறை வாளியோடு நான் படி ஏறியபோது பாதித் தண்ணீர் என் சேலையிலும் படியிலும் போனது.

"படியெல்லாம் கழுவியாச்சு" என்றாள் பின்னால் வந்த ஒரு லயத்துப் பெண். "நாளைக்கும் கழுவ வருவீங்களா டீச்சரம்மா?"

"வருவேன்" என்றேன். முகம் எரிந்தது.

மூன்றாம் நாள் மருத்துவச்சி வந்து, வயிற்றில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கு" என்றாள். இன்னும் பயம் தீரவில்லை, பேறுகாலம் வரை பாரமே தூக்கக் கூடாது என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டேன்.

அட்டையில் கட்டங்கள் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தன. இன்னும் முன்னால் எழுந்து பார்த்தேன். விளக்கேற்றினால் ஒற்றை அறையில் மதினியின் தூக்கம் கெட்டது. இருட்டில் முழங்கால் போட்டால் நானே தூங்கிவிட்டேன். வரிசையில் நின்றபடி ஜெபித்துப் பார்த்தேன். கண்ணை மூடி நின்றதில் என் கல்லைத் தாண்டி இரண்டு குடம் போய்விட்டது. அப்போது எனக்கும் ஒரு கல் இருந்தது, உம்மா தேடிக் கொடுத்த தட்டைக் கல். அந்த இரண்டு குடக்காரிகளோடு நான் போட்ட சண்டை முனை வீடு வரை கேட்டதாம். ஜெபம் செய்துகொண்டு நின்றவள் பேசும் பேச்சா அது என்று வாளி நிறையும்போது எனக்கே வெட்கமாகிவிட்டது. வெறுங்கட்டங்களைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு நாள் அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன்.

ஒரு காலையில் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மதினி என் ஈரக் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். உள்ளே சின்னதாக ஒரு தட்டல்.

"தண்ணிச் சத்தம் கேட்டாத்தான் இது முழிக்குது" என்றார். "அத்தக்காரி வந்தாச்சுன்னு தெரியுது."

அன்று பள்ளிக்கூடத்துக்கு நடந்து போன வழியெல்லாம் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தேன். மணி பார்க்கவில்லை.

பெரிய வெள்ளி போய் மறுநாள் வந்தது. பிற்பகல் ஜெப வட்டத்துக்குப் போக வேண்டும். பதினெட்டுச் சிலுவையோடு போய் நிற்பதைவிடக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. அட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் திருப்பினேன்.

நாற்பது கட்டத்திலும் சிலுவை இருந்தது.

பதினெட்டுக்கு மேல் இருந்தவை பேனாவால் போட்டவை அல்ல. அடுப்புக்கரி. சில கோணல், சில கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தன. கடைசிச் சில நாள்கள் மட்டும் நேராக, கவனமாக.

"மதினி, இது யாரு போட்டது?"

குசினியில் சட்டிச் சத்தம் நின்றது. "பிழையா போச்சா?"

"யாரு போட்டது?"

"நான்தான். கோவிச்சுக்காதீங்க தங்கச்சி." சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "நீங்க அட்டையத் திருப்பி மாட்டுன பொறகு, விட்டுப்போன கட்டத்துக்கும் சேத்துப் போட்டேன். மொத மூணு நாளு பாயிலயே கெடந்தேன், அதுக்குப் பொறகு நீங்க தண்ணிக்குப் போனதும் அந்த மூலையில போயி உக்காருவேன். முழங்கால் போட முடியல, வயிறு இடிக்குது. சும்மா உக்காந்திருப்பேன், நீங்க வாற வரைக்கும்."

"உக்காந்து என்ன செய்வீங்க?"

"எனக்கென்ன ஜெபம் தெரியும்?" சிரித்தார். "‘ஆண்டவரே, இது தங்கச்சியோட எடம். அவங்க தண்ணிக்குப் போயிருக்காங்க, இந்தா வந்துருவாங்க. வேற யாருக்கும் குடுத்துராதீங்க’ன்னு சொல்லுவேன். பைப்படியில கல்லு வைப்போம்ல, அது மாதிரி. ஒரு நாளு விட்டா எடம் போயிருமே."

ஆண்டவரிடம் வரிசை கிடையாது மதினி, இடம் போகாது என்று விளக்க வாயெடுத்தேன். டீச்சர் புத்தி. அவருடைய ஆள்காட்டி விரல் நகத்தில் கரி ஏறியிருந்தது கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

"அது சொன்ன பொறகும் நேரம் இருக்குமே" என்று அவரே தொடர்ந்தார். "அப்ப பிள்ளைக்கு ஒரு வார்த்த. நீங்க படியில வழுக்கிராம ஒரு வார்த்த. ஒங்கண்ணனுக்கு இருமல். உம்மாவோட மகனுக்கு வேல."

"ஒங்களுக்கு?"

"நான்தான் அங்கயே உக்காந்திருக்கேனே தங்கச்சி. எனக்குன்னு தனியா என்ன?"

அட்டையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். பதினான்கு பெண்கள் வட்டமாகக் கதிரைகளில் இருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அட்டையை உயர்த்திக் காட்டினார்கள். நாற்பது. முப்பத்தொன்பது. நாற்பது. எட்ட இருந்து பார்க்கும்போது பேனாவுக்கும் கரிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. என் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதை நான் நன்றாகவே கவனித்தேன். சும்மா உயர்த்திக் காட்டினால் போதும். பொய் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

என் முறை வந்தது. எழுந்தேன்.

"இதில் பதினேழு என்னுடையது" என்றேன். பதினெட்டாவதை நான் எண்ணவில்லை. "கரியில் இருப்பவை என் அண்ணன் மனைவியுடையவை. நான் தண்ணீருக்குப் போன நேரம் அவர் என் இடத்தில் இருந்தார்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து டீச்சர் அட்டையை வாங்கி, கரியைத் தொடாமல் ஓரத்தில் பிடித்துப் பார்த்தார். "எத்தினை கவனமாப் போட்டிருக்கிறா. ஓம், இஞ்ச பாருங்கோ" என்று அடுத்தவரிடம் காட்டினார்.

"அவங்க ஏன் நம்ம வட்டத்துக்கு வர்றதில்லை?" என்று மிஸ்ஸியம்மா கேட்டார்.

"வாசிக்கத் தெரியாது" என்றேன். வட்டத்தில் சேர வாசிக்கத் தெரிய வேண்டும் என்பது அவரே வைத்த விதி. அவர் முகம் சிவந்தது. பிறகு அடுத்த பெண்ணை எழும்பச் சொன்னார். தாழ்மை கிடைத்ததா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மிஸ்ஸியம்மா பிறகு ஆள் விட்டு மதினியைக் கூப்பிட்டார். மதினி போகவில்லை. "அங்க எல்லாரும் இங்கிலீசுக் கதிரையில உக்காந்திருப்பாங்க, எனக்கு இடுப்பு வலிக்கும்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் மூலையிலேயே இருந்தோம். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஈரச் சேலையோடு அவர் பக்கத்தில் போய் உட்காருவேன். அவர் ஒரு வார்த்தை சொல்வார், நான் ஒரு வார்த்தை சொல்வேன். பிறகு உலை வைக்க நேரமாகிவிடும். அட்டை இல்லாமலே அது நடந்தது.

பெரஹர ஊர்வல நாட்களில் பிள்ளை பிறந்தது. ஊர் முழுக்க ஜனம். யானைகள் போன தெருக்களைக் கூட்டிக் கழுவ அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாகப் போயிருந்தார். காலையில் நான் மூன்றாவது வாளியோடு ஏறும்போதே மதினியின் சத்தம் கேட்டது. இந்தத் தடவை நான் வாளியைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் முப்பத்தாறு படியும் இறங்கிப் போனது. உம்மா மருத்துவச்சிக்கு ஆள் அனுப்பினார், இடியப்பத் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு வந்து மதினியின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் ஜெபத்தை ஓதிக்கொண்டே இருந்தார். நான் என் ஜெபத்தைச் சொன்னேன். மதினி எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு முன்னால் பெண் பிள்ளை. அழுதது. நல்ல உரத்த அழுகை.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். ஸ்தோத்திரம் சொல்ல வாய் திறந்தேன்.

"ஏ டீச்சரம்மா, கண்ண மூடாத!" என்று மருத்துவச்சி அதட்டினாள். "சாமிக்குப் பொறகு சொல்லலாம். பிள்ளைக்குத் தண்ணி ஊத்து மொதல்ல."

வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். மருத்துவச்சி பிள்ளையைத் தன் நீட்டிய காலில் கிடத்திப் பிடித்தாள். எவ்வளவு சின்ன உடம்பு!

"பாத்து ஊத்துங்க தங்கச்சி" என்றார் மதினி பாயில் கிடந்தபடி. குரலே எழும்பவில்லை, ஆனாலும் சிரித்தார்.

பார்த்துத்தான் ஊற்றினேன். கை நடுங்கவில்லை. ஐந்து மாதம் வாளி தூக்கிய கை அது.